பிடிபடாத மூச்சு

“வாயைத் திறந்துட்டீங்களே சார்,” என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். “ஒரு பை வாயு வீணாப்போச்சு.”

லிப்ட் மெக்கானிக் இயந்திரத்துக்குள் படுத்தபடி விழித்தார். பையிலிருந்த வாயுவை அவர் இழுத்ததும், “மூச்சைப் பிடிங்க” என்று வெளியே இருந்து மைக்கில் சொன்னாள். மரியாதைக்கு ஒரு “சரிங்க” சொன்னார். உள்ளே போனதெல்லாம் வெளியே வந்துவிட்டது.

வைரஸ் காய்ச்சல் கணவன் மனைவி இருவரையும்தான் படுக்கவைத்தது. மனைவி சீக்கிரமே எழுந்து தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். இவருக்கோ மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்கியது. ஊருக்கெல்லாம் லிப்ட் பழுது பார்ப்பவர் வீட்டில் லிப்ட் கிடையாது. எக்ஸ்ரே சுத்தமாக வந்ததிலிருந்து, “நடிக்காதீங்க, கீழ போய் இந்தத் துணியைக் குடுத்துட்டு வாங்க” என்று அவரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் ஸ்கேன் பெண்ணிடம் ஒரு மூச்சு புலம்பிவிட்டுத்தான் படுத்தார். வாயு போகாத இடம் இந்தப் படத்தில் இருட்டாகத் தெரியுமாம். துளி இருட்டு தெரிந்தாலும் மானம் பிழைக்கும்.

“நான் சொன்னாக் கேப்பாரு,” என்று கூட வந்திருந்த மனைவி மைக்கை வாங்கினாள். “மூச்சைப் பிடிங்க.”

“சரிம்மா.”

கல்யாணமான நாள் முதல் வந்த பழக்கம். இரண்டாவது பையும் போயிற்று.

மூன்றாவது பைக்கு யாரும் பேசுவதில்லை என்று முடிவாயிற்று. ஆனால் மனைவி வாய் திறக்காமல் இருந்தால் அவருக்குப் பொறுக்காது.

“என்னம்மா, கோவமா?”

“மூணும் போச்சு. இனி இருக்கறது கடைசிப் பை சார்,” என்றாள் ஸ்கேன் பெண்.

இயந்திரத்தின் காந்தம் இழுக்காதபடி, மனைவி தன் தோளில் குத்தியிருந்த குண்டூசிகளைப் பிடுங்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“நானும் கூடவே மூச்சைப் பிடிக்கறேன். நான் கையை எடுத்தப்புறம் விடுங்க.”

கை அசையவில்லை. அவரும் அசையவில்லை.

முடிந்ததும் எழுந்து ஓட்டமாக வெளியே வந்து திரையைப் பார்த்தார். நுரையீரலின் கீழ் ஓரத்தில் கட்டைவிரல் அளவு இருட்டு. வாங்கிய பேச்சுக்கெல்லாம் சேர்த்து முகம் மலர்ந்தது.

“இப்பவாவது நம்புவாளா? எங்க அவ?”

“உள்ளயே உக்காந்துட்டாங்க,” என்றாள் ஸ்கேன் பெண், கண்ணாடி வழியே பார்த்தபடி. “பாதியிலேயே அவங்களுக்கு மூச்சு முட்டிடுச்சு, படம் முடியற வரைக்கும் கையை மட்டும் எடுக்கல. அவங்க கடைசியா எப்ப சார் மாடி ஏறினாங்க?”