சின்ன ரூமும் நாலு ரக்அத்தும்

ஒரு வேளைத் தொழுகையாவது மனசு சிதறாமல் தொழுதுவிடுவது என்று போன வெள்ளிக்கிழமை முடிவெடுத்தேன். சாதாரண முடிவல்ல. இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டு எடுத்த முடிவு.

நான் சாதுல்லா. பாரிவாக்கத்தில் வீட்டிலேயே தையல். பள்ளிவாசலுக்குப் போகலாமே என்பீர்கள். போனால் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்திலேயே யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். "பாய், நீ தெச்ச பேண்ட்டு இடுப்புல நிக்கல!" வீட்டில் தொழுதாலோ அடுப்படியில் குக்கர். வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகையில் நின்று குனிந்து எழும் சுற்றான ரக்அத்தை எண்ணினேனா, விசிலை எண்ணினேனா தெரியவில்லை. ஐந்து வந்தது. அஸருக்கு நாலுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. படைத்தவனிடம் நிம்மதியாகப் பேச ஒரு மனுஷனுக்குப் பத்து நிமிஷம் கிடைக்காதா?

அதனால் துணி மூட்டை போட்டிருந்த சின்ன ரூமைக் காலி செய்தேன். பெருக்கினேன். தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்தேன். மனைவி ஜுலைகாவைக் கூப்பிட்டுச் சட்டம் போட்டேன்.

"இந்த ரூம் இனிமே தொழுகைக்குத்தான். நான் தொழுதுகினு இருக்கசொல்ல யாரு இன்னா கேட்டாலும் பதில் வராது."

"சரிங்க."

"அப்பால வந்து ஏன் பதில் சொல்லலன்னு சண்டை போடக்கூடாது."

"போடமாட்டேன். காது மட்டும் கேக்கும்ல?"

"காது கேக்கும். வாய் தொறக்கமாட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு."

இருபது வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் அஸர். தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தேன். குக்கர் இல்லை. பேண்ட் இல்லை. மனசு அப்படியே குளிர்ந்தது. இரண்டாவது ரக்அத்தில் கதவோரம் ஜுலைகாவின் குரல்.

"என்னாங்க, எந்தம்பி அனஸுக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை கெடச்சிருச்சு. ஒரு வருஷம் இந்த ரூம்ல தங்கிக்கட்டுமா? வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

என் கண் முசல்லாவில். மனசு மட்டும் ரூம் முழுக்க ஓடியது. அனஸா! தூங்கினால் குறட்டை, முழித்தால் ரீல்ஸ். வாய் திறந்தால் தொழுகை முறிந்துவிடும். முறித்துவிடலாமா? வீடு தீப்பிடித்தால் முறிக்கலாம். குழந்தை கிணற்றில் விழப்போனால் முறிக்கலாம். மச்சினன் இதில் எதில் சேர்த்தி? அவசரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருமிப் பார்த்தேன்.

"சளியா? சுக்கு காப்பி போட்டு வெக்கிறேன். அப்ப அவன வரச் சொல்லிடறேன்."

சஜ்தாவில் தரையில் வைத்த நெற்றியை எடுக்காமல் மன்றாடினேன். யா அல்லாஹ், அவன் போன் ஸ்விட்ச் ஆஃபாக இருக்கட்டும்! கடைசியில் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்க வலப்பக்கம் திரும்பினேன். அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் திரும்பினேன். பேசி முடித்துவிட்டாள்.

"ஜுலைகா! நான் எப்ப சரின்னேன்?"

"வேணாம்னும் சொல்லலியே."

"தொழுகையில எப்படி சொல்றது? கம்முனு இருந்தா சம்மதமா?"

"நம்ம நிக்காஹ் அன்னிக்கு பெரியவங்க வந்து எங்கிட்ட சம்மதமான்னு கேட்டாங்க. நான் வாயே தொறக்கல. சம்மதம்னு எழுதிக்கினாங்க. இருபது வருஷமா உங்களுக்கு ஆக்கிப் போட்டுகினு கீறேன். அது செல்லும்னா இதுவும் செல்லும். செல்லாதுன்னா சொல்லுங்க, அதையும் இப்பவே பேசிடலாம்."

"செல்லும், செல்லும்!" என்றேன் அவசரமாக. "அப்ப நான் எங்க தொழுவறது?"

"அடுப்பாண்டதான். பருப்புக்கும் நாலு விசிலு, அஸருக்கும் நாலு ரக்அத்து. கணக்கு தப்பாது. ஸலாம் கொடுத்ததும் அடுப்ப அணைச்சிடுங்க."

இந்தமுறை நான் தொழுகையில் இல்லை. ஆனாலும் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அதையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.