ஏழு ஞாயிற்றுக்கிழமை அதிகாரி

அந்தமானில் கடலலைக்கு அடுத்தபடியாக ஓயாத ஒன்று உண்டென்றால், அது எங்கள் பத்துபஸ்தி மேட்டுத்தெரு அஜெண்டாவின் வாய்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. இருபத்திரண்டு வயதில் தெரு இளைஞர் மன்றத் தலைவியானதிலிருந்து, "சாப்பிட்டியா பிள்ள?" என்று கேட்டால்கூட, "அது இன்னைக்கு அஜெண்டால இல்ல" என்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

மீன் குழம்புக்குப் புளி போதுமா என்று வீட்டிலேயே கைதூக்கச் சொல்லி ஓட்டெடுத்தவள் அவள். தோற்றுப்போன அவள் அப்பா, புளிப்பில்லாத குழம்பை ஜனநாயகத்துக்காக விழுங்கினார்.

அப்போது எங்கள் தெருவின் ஒரே கஷ்டம் தண்ணீர். குழாய் பாதி மேட்டோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் எங்கள் வீட்டுப் பெண்களின் இடுப்புதான் குழாய்.

வார்டு கூட்டத்துக்கு அதிகாரி வருகிறார் என்றதும், அஜெண்டா மன்றத்தில் ஒத்திகை வைத்தாள். அதிகாரியாக நடிக்க ஆள் வேண்டும். நான் மன்றத்துச் சுவருக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கொத்தனார். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு எழாது.

"மாமா, நீங்கதான் சாஹிப்."

"எனக்குப் பேச வராதே, பிள்ள."

"அதுக்குத்தான் மாமா! யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. சும்மா உக்காருங்க, பஸ், அது போதும்."

ஏழு ஞாயிறு உட்கார்ந்தேன். தமிழ், தெலுங்கு, வங்காளிப் பிள்ளைகள் எல்லோரும் ஹிந்தியில் என்னிடம் முறையிட்டார்கள். தபன் என்ற வங்காளிப் பையன் முதல் வாரம் நடுங்கினான். நாலாவது வாரம் மேசையைத் தட்டி, "சாஹிப், பானி கப் ஆயேகா?" என்றான். தண்ணீர் எப்போது வரும் என்றுதான் கேட்டான், எனக்கு வியர்த்துவிட்டது.

வீட்டில் போய், "நம்ம தெருவுக்குத் தண்ணி விட்டா என்னவாம்?" என்று புலம்பினேன்.

"நீங்கதானே அதிகாரி? விடுங்க" என்றாள் மனைவி.

கூட்ட நாள் வந்தது. நிஜ அதிகாரி மேடையில். நான் கடைசி வரிசையில் ஒளிந்திருந்தேன். தபன் எழுந்தான், அதிகாரியைப் பார்த்தான், பேச்சு வரவில்லை. சட்டென்று திரும்பி என்னைத் தேடிப் பிடித்து, என் முகத்தைப் பார்த்து மடமடவென்று கொட்டினான். அடுத்து எழுந்த பெண்ணும் மேடைக்கு முதுகைக் காட்டினாள். அதற்கடுத்தவனும் அப்படியே.

"அரே, முன்னால பாருங்கடா!" என்று அஜெண்டா தலையில் அடித்துக்கொண்டாள்.

அதிகாரி எழுந்தே விட்டார். "யார் அவர்?"

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. என்னை அறியாமல் எழுந்து நின்றேன். தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்: "சாஹிப், நான் கொத்தனார். அதிகாரி நீங்கதான். ஆனா பிள்ளைங்க சொல்றது அத்தனையும் நிஜம். ஏழு வாரமாக் கேக்கிறேன், என்கிட்ட பதில் இல்ல. நீங்களாவது சொல்லுங்க."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்தபின் எப்படி மறுப்பது? மறுநாளே மூச்சு வாங்க மேடேறி வந்து பார்த்தார். மழைக்காலம் முடிவதற்குள் குழாய் உச்சி வீடுவரை வந்துவிட்டது.

அஜெண்டா இப்போது அந்தமானிலேயே லாங் ஐலண்ட் என்ற தீவில் டீச்சர். அங்கே பிள்ளைகள் தினமும் கை தூக்கிக்கொண்டிருப்பார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அமைதிதான் பிடிக்கும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.