வானத்திலிருந்து விழுந்த என் சொத்து

என் பேரில் ஒரு சொத்தாவது இல்லாமல் கண்ணை மூடி மவுத்தாவதில்லை என்று எண்பதாம் ஆண்டு நோன்புப் பெருநாளன்று நான் முடிவெடுத்தேன்.

கல்முனையில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். வீடு, வளவு, கிணறு, தென்னைகள், சாகாமத்து வயல் எல்லாம் என் மனைவி சுபைறாவின் சீதனம். என் உம்மாவின் வீடு தங்கச்சி சரீபாவுக்குப் போயிற்று. எனக்கு மிஞ்சியது ஒரு குடை. மழை நாளில் அதையும் சுபைறாதான் பிடித்துக்கொண்டு போவாள்.

நான் ஆசைப்பட்டது ஒரு ஹொண்டா மோட்டார் சைக்கிள். ஓட்ட எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு ஒரு பதிவுப் புத்தகம் தருவார்கள். உரிமையாளர் என்ற இடத்தில் என் பேர் இருக்கும். அதற்காக, நான் வேலை செய்யும் கூட்டுறவுச் சங்கக்கடைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வந்தேன்.

சுபைறா ஆசைப்பட்டது கிணற்றடிக்கு ஒரு சீமெந்துத் தரை.

"குளிச்சிட்டு ஏறினா காலெல்லாம் சேறு. மறுகா என்னத்துக்குக் குளிக்கிற?"

"என்னைய என்ன செய்யச் சொல்றாய்?"

"மேசன் மிச்சம் வெச்ச அரைச்சாக்கு சீமெந்து இரிந்திச்சே. மழ வருகுது, உள்ளுக்கு எடுத்து வைங்க, கூரத் தகரத்துக்கு ஆணி அடிங்க எண்டு எத்தின தரம் நான் சொன்ன?"

"குசினிக்குள்ளதான் புள்ள நான் வெச்ச. சூறாவளியில குசினியோட போயிட்டு."

"குசினியோட," என்று அவள் திருப்பிச் சொல்வாள்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் சமையலறையோடு சேர்த்து ஊரை அழித்தது உண்மை. ஆனால் அதைப்போல ஒரு நல்ல சாட்சியை நான் கண்டதில்லை. எந்தப் பழியைத் தலையில் போட்டாலும் மறுத்துப் பேசாது.

பெருநாள் கழிந்த கிழமை, வேலிக்குக் கதியால் கம்பு நட முருங்கை மரத்தடியில் குழி தோண்டினேன். குத்திய அலவாங்குக் கம்பி 'டங்' என்றது. எங்கள் ஊர் மண்ணில் கல் கிடையாது. எல்லாம் கடல் மணல். நாய்க்கு எறிய ஒரு கல் வேண்டுமென்றாலும் றோட்டுப் போடுகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட மண்ணுக்குள் ஒரு கல்! தலையணை அளவு. ஆனால் தூக்கப் போனால் இடுப்புத்தான் தூக்கிக்கொண்டது.

சுபைறா அவளுடைய உம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கல்லை உருட்டிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் மறைத்தேன். வாசிகசாலைக்கு ஓடினேன். கற்களை வீட்டிலேயே இனங்காண்பது எப்படி என்று ஒரு புத்தகம், என்னையே எதிர்பார்த்ததுபோல் தூசியோடு கிடந்தது.

முதல் பரிசோதனை, வினாகிரி என்கிற புளிக்காடி. ஊற்றினேன், நுரைத்துப் பொங்கியது. அப்படியானால் சுண்ணக்கல் என்றது புத்தகம். இரண்டாவது, காந்தம். றேடியோவைக் கழற்றி அதன் காந்தத்தை எடுத்து வைத்தேன். நாலு இடத்தில் கவ்விப் பிடித்தது. அப்படியானால் இரும்புக்கல் என்றது அதே புத்தகம். மூன்றாவது, பீங்கான் தட்டின் அடியில் உரசிப் பார்ப்பது. சாம்பல் நிறக் கோடு விழுந்தது. பீங்கானும் இரண்டாய் விழுந்தது.

சுண்ணக்கல்லில் காந்தம் ஒட்டாது. இரும்புக்கல் வினாகிரியில் பொங்காது. இது இரண்டையும் செய்தது. போதாக்குறைக்கு, மேலெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக நெய்தது போன்ற கோடுகள். இப்படி ஒரு வேலைப்பாடு இந்தப் பூமியில் எங்கே இருக்கிறது? பூமியில் உள்ள எந்தக் கல்லோடும் பொருந்தாவிட்டால் அது பூமிக் கல்லே இல்லை. என் மூளையை நினைத்து எனக்கே பயம் வந்தது. வானத்துக் கல்!

அன்று பின்னேரமே சுபைறா பிடித்துவிட்டாள்.

"வினாகிரி எங்க? றேடியோ ஏன் கதைக்குதில்ல? பெருநாள் பீங்கான உடைச்சது ஆரு?"

கல்லைக் காட்டினேன். குனிந்து கோடுகளை விரலால் தடவினாள். ஒரு தரம் சுற்றி வந்தாள். துருப்பிடித்த இடம் ஒன்றை நகத்தால் சுரண்டினாள்.

"மாஷா அல்லாஹ். பெறுமதியான சாமான்தான் போல."

"வெளிநாட்டுக்காரன் கேட்டு வருவான் புள்ள. வானத்துல இருந்து விழுந்த!"

"எங்க விழுந்த?"

"வேலியடியில. முருங்கக்குக் கீழ."

"அப்ப என்ட வளவுல."

"வானம் ஆருட சீதனத்துலயும் எழுதல்ல, சுபைறா!"

"மழையும் வானத்துல இருந்துதான் வருகுது. கிணத்துத் தண்ணி ஆருட?"

நேரே போய்ப் பள்ளிவாசல் மரைக்கார் மீராமுகைதீனை அழைத்து வந்தேன். ஊர்ப் பிணக்குகளைத் தீர்ப்பவர்; சொன்ன சொல்லிலிருந்து யாரையும் இறங்க விடமாட்டார். பிளேன்டி குடித்துவிட்டு, கல்லுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். சண்டைக்கு நான் ஆயத்தமாக நின்றேன். சுபைறா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு அமைதியாகக் கதைத்தாள்.

"மாமா, கல்லு அவருக்கே இரிக்கட்டும். எனக்கு அதுல உரித்து வேணாம்."

என் காதை நம்ப முடியவில்லை. கல்முனைச் சரித்திரத்தில் ஒரு பெண் விட்டுக்கொடுத்துவிட்டாள்!

"நல்லா யோசிச்சியா புள்ள?" என்றார் மரைக்கார்.

"ஓம் மாமா. ஆனா அவரும் தெளிவாச் சொல்லணும். இஞ்சாருங்க, இந்தக் கல்லு முழுக்க ஒங்கடயா?"

"முழுக்க!"

"உள்ளுக்கு என்ன இரிந்தாலும்?"

"என்ன இரிந்தாலும்!"

"கிடந்தது வேலியடியில, அப்பிடித்தானே?"

"வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா வேலியடியில! நானே தோண்டி எடுத்த!"

"நீங்கதான் சாட்சி மாமா," என்று சொல்லி அலவாங்கை எடுத்து ஒரே போடு போட்டாள். கல்லில் ஒரு துண்டு தெறித்தது. உள்ளே ஏழெட்டுத் தகர ஆணிகள், தொப்பியும் கழலாமல் வரிசையாகப் பல்லைக் காட்டின.

"வானத்துல தகர ஆணியும் செய்யிறாங்களா?"

மரைக்கார் கிட்ட வந்து கோடுகளைத் தடவினார். "தம்பி, இது சாக்குட தடமல்லவா? சீமெந்து இறுகிக் கிடக்கு."

சூறாவளிக்கு முன்னால் மழை இருட்டிய அந்த நாளில், அடிக்க வேண்டிய ஆணிகளைச் சீமெந்துச் சாக்குக்குள்ளேயே போட்டு, சாக்கை வேலியடியில் விட்டுவிட்டுப் போய்ப் படுத்தது முழுவதும் ஞாபகம் வந்தது. மழையில் நனைந்து இறுகியதை வெள்ளம் மணல் போட்டு மூடியிருக்கிறது. அதற்குப் போய் நான் வானத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

"குசினிக்குள்ள வெச்ச எண்டீங்க," என்றாள் சுபைறா. "குசினியோட போயிட்டு எண்டீங்க. மறுகா வேலியடிக்கு நடந்தா வந்திச்சி?"

நான் கடைசியாக ஒரு தந்திரம் செய்தேன். "சரி புள்ள, சீமெந்து உன்டதானே? கல்ல நீயே எடு. நான் விட்டுத் தாறன்."

"எனக்கு உரித்தில்லையே. இப்பத்தானே மாமாவுக்கு முன்னால சொன்ன. ஒங்கட கல்லு ஒங்களுக்கு. என்ட சீமெந்து எனக்கு வந்து சேரணும்."

மரைக்கார் சிரிப்பை அடக்க இருமினார். "தம்பி, சொன்ன சொல்லு சொன்னதுதான். புள்ளைக்கு சீமெந்த வாங்கிக் குடுங்க."

ஹொண்டாவுக்குச் சேர்த்தது சீமெந்தாகி, கிணற்றடியில் பரவிக் காய்ந்தது. சுபைறா அதில் காலில் சேறு படாமல் நடக்கிறாள். கல்லைத் தரையின் ஓரத்தில் நானே உருட்டி வைக்க வேண்டியதாயிற்று. அவள் தொடமாட்டாளாம், பிறத்தியார் சொத்தாம்.

துவைக்க அதுபோல ஒரு கல் ஊரிலேயே இல்லை என்கிறார்கள். சொத்து என் பேரில் இருப்பதால், வெள்ளிக்கிழமை தோறும் வீட்டு உடுப்பெல்லாம் நான்தான் துவைக்கிறேன்.