புக்கிட் புத்துஸ் ஏறாத கார்

ராசா ஊரில் கார் பட்டறை நடத்தும் என் அருமை மாப்பிள்ளை கணேசமூர்த்தி அவர்களுக்கு, கோலா பிலா பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அர்ச்சுனன் எழுதுவது. இங்கே ஊரடங்கையும் கொசுவையும் தவிர மற்றெல்லாம் சுகம். தங்கை வள்ளியம்மாவும் என் குட்டி மருமகளும் நலமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

நிற்க. நீங்கள் அனுப்பிய டார்க் கன்வெர்ட்டர் சரியில்லை. வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். எஞ்சின் சுற்றுவதை எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குக் கடத்தும் உருண்டை அது, வண்டியின் எடைக்கும் ஓடும் ரோட்டுக்கும் தக்கபடி தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நீங்கள்தான் எனக்குப் பாடம் நடத்தினீர்கள். எடை என்ன என்று கேட்டீர்கள். வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போன அமெரிக்கக் கார், கம்பெனி எடைதான், கூட ஒரு கார்புரேட்டர் மட்டும் போட்டிருக்கிறேன் என்று எழுதினேன். அதில் ஒரு சொல் பொய்யில்லை. பிறகு அடித்த இரும்புத் தகடுகளைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லையே! காலம் கெட்டுக் கிடக்கிறது, காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் எப்போது சுடுவார்கள் என்று தெரியாது, துரைமார் எல்லாரும் காருக்குத் தகடு அடிக்கிறார்கள். நானும் ரப்பர் உலர்த்தும் பழைய புகைவீட்டு இரும்புக் கதவை அறுத்து, என் பக்கம் இரண்டு, முன்னால் ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று அடித்துக்கொண்டேன். ரோட்டைப் பார்க்க ஒரு சின்னத் துவாரம். என் வீட்டுக்காரி செல்லம்மா உட்காரும் பக்கத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். பயம் என்று நினைக்காதீர்கள், முன்யோசனை.

மருமகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். என் மடி ராசாவுக்கு வர வேண்டுமானால் புக்கிட் புத்துஸ் மலையைத் தாண்டியாக வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். எஞ்சின் கத்துகிறது, கத்துகிறது, வண்டி மட்டும் உட்கார்ந்து யோசிக்கிறது. எண்ணெய் காய்ந்து ஒரே வாடை. பாதி மலையில் செல்லம்மா கதவைத் திறந்து இறங்கி, "நீங்க மெதுவா வாங்க, நான் மேல போயி நிக்கிறேன்" என்று நடக்க ஆரம்பித்துவிட்டாள். துவாரம் வழியாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் ஊர்ந்தேன். மேலே போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு தரையில் படுத்துக் கிடந்தார்கள். அங்கே ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருக்கும் நம் தோட்டத்து முனியாண்டி எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டே, "என்னா கிராணி, பத்து லோரி வருதுன்னு நெனச்சோம்லா! அக்கா வெளிய நடந்து வருது, நீங்க உள்ள என்னா பண்றீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். மானம் போய்விட்டது, மாப்பிள்ளை.

ஆகையால் பாரம் இழுக்கிற, சட்டென்று பிடிக்கிற வேறொரு கன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுத்து உடனே அனுப்பவும். தாமதமாகி மருமகள் காது மூளியாக நின்றால் அந்தப் பாவம் என்னைச் சேராது. தங்கைக்கு என் ஆசி, குழந்தைக்கு மாமன் முத்தம்.

இப்படிக்கு, தைரியத்துடன்,
அர்ச்சுனன்

பி.கு.: கன்வெர்ட்டர் வேண்டாம். இன்று காலை செல்லம்மா ஃபிட்டரைக் கூப்பிட்டுத் தகடுகளையெல்லாம் கழற்றிவிட்டாள். வண்டி பறக்கிறது. உங்கள் தேர்வு சரிதான். ஆனாலும் காதுகுத்துக்குப் பஸ்ஸில்தான் வருகிறோம். தகடில்லாத காரில் உட்கார்ந்தால் எனக்குத் தொடை நடுங்குகிறது, நடுங்குகிற மடியில் வைத்துக் குழந்தைக்குக் காது குத்த முடியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் செல்லம்மா உட்காருகிறாளாம்.