மூன்று கரண்டி ஹரீஸா

துனீசியாவின் வரலாற்றைக் கார்த்தேஜுக்கு முன், கார்த்தேஜுக்குப் பின் என்று பிரிப்பது பழைய முறை. மஹ்தியா கடற்கரையில் உள்ள எங்கள் ஹோட்டலைப் பொறுத்தவரை எனக்கு முன், எனக்குப் பின் என்று பிரிப்பதே நியாயம். எனக்கு முன், விடுமுறைக்கு வந்த விருந்தினர்கள் உள்ளூர் உணவைத் தின்று அவதிப்பட்டார்கள். எனக்குப் பின், அந்த அவதி முழுவதும் உணவுக்கு மாற்றப்பட்டது.

என் பெயர் தவ்ஃபீக். பதவி 'உள்ளூர் உணவு அனுபவ அதிகாரி'. பன்னிரண்டு ஆண்டுகளாக வெளிநாட்டு வயிறுகளை என் தாய்நாட்டிடமிருந்து காப்பாற்றி வந்தேன். இதற்காக நான் விடுத்த சுற்றறிக்கைகள் முப்பத்தெட்டு. எங்கள் மிளகாய் விழுதான ஹரீஸா பற்றிய ஏழாம் சுற்றறிக்கை: 'ஹரீஸாவில் மிளகாய் சேர்க்கும் வழக்கம் மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது.' பதினோராம் சுற்றறிக்கை: 'மீனைப் பரிமாறும்போது தலையோ, கண்ணோ, வாலோ தென்படக் கூடாது. கூடியவரை அது மீன் என்பதே தெரியக் கூடாது.'

சமையலறைத் தலைவி ஸக்கியா இவற்றையெல்லாம் அடுப்புக்கு நேர் மேலே ஒட்டிவைத்தாள். என் எழுத்தின்மேல் அவளுக்கு இருந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். நீராவி பட்டுச் சீக்கிரம் அழியட்டும் என்பதற்காக என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் கேட்டாள்: "அண்ணே, நீங்க சொன்ன மாதிரி மிளகாய எடுத்தாச்சு, பூண்டயும் எடுத்தாச்சு. இப்ப இதுக்கு என்னன்னு பேர் எழுதி வைக்கட்டும்?"

"ஹரீஸா."

"உள்ள வெறும் தக்காளிதானே இருக்கு?"

"அப்ப 'பாரம்பரிய ஹரீஸா'ன்னு எழுது."

எழுதினாள். யாரும் புகார் சொல்லவில்லை. எங்கள் மேசையில் உட்கார்ந்து துனீசியாவை ருசித்த எத்தனையோ பேர், தங்கள் ஊரிலேயே இருந்ததைப் போன்ற நிம்மதியோடு திரும்பிப் போனார்கள்.

இந்தப் பொற்காலத்தில்தான் போலந்திலிருந்து ஹலினா என்ற அம்மாள் வந்து சேர்ந்தாள். அறுபத்தைந்து வயது, தனியாக வந்திருந்தாள், தோள் இரண்டும் வெயிலில் சிவந்திருந்தன. ஐந்தாம் நாள் கருத்துச் சீட்டில் இப்படி எழுதிப் போட்டாள்: 'தினமும் உள்ளூர் உணவு மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறேன். உணவு எப்போது வரும்?'

மேலாளர் ஹிஷெம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சீட்டு அவர் மேசையில் கிடந்தது.

"பன்னெண்டு வருஷத்துல இப்படி ஒண்ணு வந்ததில்ல," என்றார். "தலைமை அலுவலகத்துக்குப் போச்சுன்னா உங்க பதவியே எதுக்குன்னு கேப்பாங்க. என் மச்சான் வேற வீட்ல சும்மாதான் இருக்கான்."

"நான் என்ன செய்யணும்?"

"அந்த அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போங்க. நம்ம சாப்பாட்டச் சாப்பிட வைங்க. 'திருப்தி'ன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"வெளியவா? அவங்க உடம்புக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"நீங்கதான் கூட இருக்கீங்களே. இந்த ஊர்க்காரர்தானே நீங்க?"

அவர் குரலில் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹோட்டல் வேனை நானே ஓட்டிக்கொண்டு, மீன் சந்தைக்குப் பின்னால் கொண்டைக்கடலை சூப்பான லப்லாபி விற்கும் ஷெத்லியின் கடைக்கு ஹலினாவை அழைத்துப் போனேன். நான்கு பெஞ்சுகள், ஓர் அண்டா, கரை திரும்பிய மீனவர்கள். மேசைவிரிப்பு இல்லாதது என்னைக் கவலைப்படுத்தியது. கைக்கும் வாய்க்கும் தேவையான முன்னெச்சரிக்கைகளை உடைந்த பிரெஞ்சில் அவளிடம் எடுத்துச் சொன்னேன். அவள் அதற்குள் கிண்ணத்தை வாங்கி, காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட ஆரம்பித்திருந்தாள்.

நான் கத்தியும் முள்கரண்டியும் தேடினேன்.

"கையாலதான் ஐயா பிய்க்கணும்," என்றார் ஷெத்லி. "இன்னும் சின்னதா. அந்த அம்மா செய்றதப் பாத்துச் செய்ங்க."

பார்த்துச் செய்தேன். ரொட்டித் துண்டுகளின் மேல் கொதிக்கும் கொண்டைக்கடலைச் சாறு விழுந்தது. சீரகப் பொடி, நசுக்கிய பூண்டு, ஆலிவ் எண்ணெய், அரைவேக்காட்டு முட்டை. எல்லாவற்றுக்கும் மேலே ஷெத்லி ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "ஹரீஸா எவ்வளவு?" என்று கேட்டார்.

ஹலினா இரண்டு விரலைக் காட்டினாள்.

நாட்டின் மானம் என் கையில் இருந்தது. "எனக்கு மூணு," என்றேன்.

ஷெத்லியின் கை நின்றது. "ஐயா, இது எங்க வீட்ல அரைச்சது."

"தெரியும். நான் இந்த ஊர்க்காரன்."

"எந்தத் தெரு?"

"கோட்டைக்குப் பின்னால."

"நான் கோட்டைக்கு முன்னால. இருபது வருஷமா இங்க கடை போட்டிருக்கேன், உங்களப் பாத்ததே இல்லையே." மூன்று கரண்டி போட்டார். போட்டவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

லப்லாபியின் வரலாறு, பண்பாட்டு முக்கியத்துவம் ஆகியவை குறித்து ஹலினாவுக்கு ஒரு சிற்றுரை ஆற்றியபடியே முதல் வாய் எடுத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும். வாயில் வைத்ததற்கும் எரிச்சல் தொடங்கியதற்கும் நடுவே ஒரு நொடி இருந்தது. சீரகமும் பூண்டும் ஊறிய ரொட்டியும் சேர்ந்து அந்த ஒரு நொடி மிக நன்றாக இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக அப்படி ஒரு சுவை என் தட்டுக்கு வந்ததில்லை. வரக் கூடாது என்று உத்தரவு போட்டவன் நான்.

பிறகு காதுகள் அடைத்தன. சிற்றுரை 'நமது முன்னோர்' என்ற இடத்தில் நின்றது. கண்ணிலும் மூக்கிலும் ஒரே சமயத்தில் நீர் இறங்கியது. நாட்டுக்காக இன்னும் நான்கு வாய் விழுங்கினேன். ஐந்தாவதோடு நாடு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

தண்ணீருக்குக் கை நீட்டினேன். பக்கத்திலிருந்த மீனவர் சொம்பை எனக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தார். "தண்ணி குடிச்சா இன்னும் ஏறும். வெறும் ரொட்டியத் தின்னுங்க. முதல் தடவ எல்லாருக்கும் இப்படித்தான்."

"உங்களுக்கு வேண்டாம்னா நான் எடுத்துக்கவா?" என்றாள் ஹலினா. பதிலுக்குக் காத்திராமல் என் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இந்த ஊர்க்காரனுக்கு இந்தக் கதி நேர்ந்த காரணம் எளிது. 'தரக் கண்காணிப்பு' என்ற பெயரில் மூன்று வேளையும் விருந்தினர் மேசையில்தான் சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும்போதும் மிஞ்சியதை டப்பாவில் அடைத்து எடுத்துப் போனேன். என் வயிறு எப்போதோ நாட்டை விட்டுக் குடிபெயர்ந்திருந்தது. எனக்குத்தான் தகவல் வரவில்லை.

எழுந்து நிற்க முயன்றேன். பெஞ்சு முதலில் வந்தது, பிறகு தரை. இரண்டு மீனவர்கள் என்னைக் கூடை தூக்குவதுபோல் தூக்கி வேனில் போட்டார்கள். ஹலினா என் பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" என்று முனகினேன்.

"முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டினேன். பேசாம படுங்க."

சந்தை நெரிசலில் நானே ஓட்டத் தயங்கும் சந்துகளில் அவள் ஹாரன் அடிக்காமல் போனாள். கழுதை வண்டிக்காரன் ஒருவன் வழிவிட்டு வணக்கம் வேறு வைத்தான்.

மருத்துவமனையில் என் கையில் ஊசி ஏற்றிப் படுக்கவைத்தார்கள். ஹலினா பக்கத்தில் உட்கார்ந்து, நான் நீட்டிய கருத்துச் சீட்டை நிரப்பினாள். 'உணவு: மிக அருமை. உடன் வந்தவர்: தைரியசாலி. நாளாவட்டத்தில் பழகிக்கொள்வார்.' கையெழுத்தும் போட்டாள். தொலைபேசியில் ஹிஷெமுக்குச் சொன்னேன்.

"போட்டுட்டாங்களா? அப்ப நீங்க மெதுவா வந்தாப் போதும்," என்றார். பதவி தப்பியது.

எனக்கு அழுகை வந்தது. ஹலினா மிளகாய் என்று நினைத்துக் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

அப்போது பதிவேட்டோடு ஒரு நர்ஸ் வந்தாள். இளம்பெண், களைத்த முகம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிரெஞ்சில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்: "எந்த நாட்டுலேர்ந்து வந்திருக்கீங்க?"

நான் அரபியில் பதில் சொன்னேன். நாக்கு வீங்கியிருந்ததால் சொற்கள் கொஞ்சம் வழுக்கின.

"அட, நல்லாப் பேசுறீங்களே," என்றாள் அவள் உற்சாகமாக. "எங்க கத்துக்கிட்டீங்க?"

அவள் பதிவேட்டில் 'சுற்றுலாப் பயணி' என்று எழுதினாள்.

சட்டைப்பையில் என் அடையாள அட்டை இருந்தது. பிறந்த ஊர் மஹ்தியா என்று அரசாங்க முத்திரையோடு அச்சிட்டிருப்பார்கள். எடுத்துக் காட்டலாம் என்று கை அதுவரை போனது, பிறகு திரும்பிவிட்டது. மருத்துவமனையில் பொய்யான ஆவணம் காட்டுவது குற்றம்.