ஈரம் தின்னும் கல்

ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த வாடகை ஹாலின் வாசலில் செருப்பு விட இடமில்லை. உள்ளே கூடியிருந்தவர்கள் ஒன்றும் தெரியாத பச்சைக் குழந்தைகள் இல்லை. ஒரு பேங்க் மேனேஜர், ஒரு கணக்கு வாத்தியார், இரண்டு இஞ்சினியர்கள், ஒரு பல் டாக்டர். எல்லோரும் பொம்மை செய்கிறவர்கள். பொம்மை என்றால் கோபித்துக்கொள்வார்கள். 'ஸ்கேல் மாடல்' என்று சொல்லவேண்டும். நிஜ விமானத்தையும் நிஜ லாரியையும் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிச் செய்து, ஏர்பிரஷ் என்ற பேனா மாதிரிக் கருவியால் காற்றோடு பெயின்ட்டைப் பீய்ச்சி வண்ணம் பூசுவார்கள்.

எல்லோருக்கும் ஒரே வியாதி. மழைக்காலம் வந்தால் ஏர்பிரஷ் காற்றோடு தண்ணீரையும் துப்பும். பூசிய வண்ணம் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிடும்.

அந்த வியாதிக்கு வைத்தியர் மேடையில் நின்றார். பெயர் காற்று மாஸ்டர். பக்கத்தில் சிவப்புத் துணி போர்த்திய, காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர். அதிலிருந்து வரும் ரப்பர் குழாயில் கட்டிய ஒரு கறுப்புக் கல். மாஸ்டர் கண்ணை மூடி மூன்று முறை மூச்சு இழுத்து, முகம் பார்க்கும் கண்ணாடிமேல் வெறும் காற்றை அடித்தார். ஒரு சொட்டு ஈரமில்லை.

"பாத்தீங்களா? கல்லு ஈரத்தைத் தின்னுடுச்சு!"

ஹால் கைதட்டலில் அதிர்ந்தது. தின்ற ஈரம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஆளை முதலில் முறைத்திருக்கக்கூடியவர் நம் பல் டாக்டர்தான். அவர் ஏற்கெனவே மாஸ்டரிடம் மூன்று கல் வாங்கியிருந்தார்.

இதே டாக்டர், "பல்லுல பூச்சி இருந்துச்சாம் டாக்டர், ஒருத்தர் எடுத்துக் காட்டினார்" என்று வரும் நோயாளிகளைக் கிழி கிழி என்று கிழிப்பார். "படிச்சவங்கதானே? கொஞ்சமாவது யோசிக்க வேணாமா?" என்று கத்துவார். அந்த யோசனையெல்லாம் கிளினிக் ஷட்டரை இறக்கும்போதே உள்ளே வைத்துப் பூட்டப்படும் சரக்கு.

அவருக்கும் ஒரு அவசரம் இருந்தது. தீயணைப்பு வண்டி ஓட்டும் அவருடைய அண்ணனுக்கு அந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு. அண்ணன் ஓட்டிய வண்டியையே சின்னதாகச் செய்து கொடுக்க நினைத்தார். இரண்டு முறை சிவப்பு பூசினார். இரண்டு முறையும் கொப்புளம். சுரண்டி எடுத்தார்.

"கம்ப்ரசர் டேங்க் அடியில ஒரு வால்வு இருக்கும். அதை மட்டும் திறந்துடாதீங்க" என்று மாஸ்டர் எச்சரித்திருந்தார். "காத்தோட உயிர் அங்கதான் தங்கும்." டாக்டர் வால்வைத் திறக்காததோடு, டேப் வேறு சுற்றி வைத்தார். ஈரம் அதிகமானது. போய் முறையிட்டார். "கல்லு மேல குறையில்லீங்க. உங்க சந்தேகம்தான் தண்ணியா வருது" என்றார் மாஸ்டர். அன்றிலிருந்து டாக்டர் சந்தேகம் வராமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டே பெயின்ட் அடித்தார். வண்டியைவிட அவர் சட்டைதான் அழகாகச் சிவந்தது.

ஒருநாள் மதியம், கிளினிக்கில் நோயாளி இல்லாத நேரம், நர்ஸிடம் பேச்சுவாக்கில் கேட்டார். "ஏன் சிஸ்டர், நம்ம பல் துளைக்கிற மெஷினும் கம்ப்ரசர் காத்துலதானே ஓடுது? அதுல ஈரமே வர்றதில்லையே?"

"நான்தான் தினமும் சாயங்காலம் தண்ணியைத் திறந்து விடுறேனே, டாக்டர்."

"எந்தத் தண்ணி?"

"டேங்க் அடியில சேர்ற தண்ணி. பன்னெண்டு வருஷமா திறந்து விடுறேன். நீங்க பாத்ததில்லையா?"

"அது... வால்வைத் திறந்தா காத்தோட உயிர் போயிடுமே?"

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஈரத் துணியைப் பிழிஞ்சா தண்ணி வருதுல்ல? கம்ப்ரசர் காத்தைப் பிழியுது. சூடா உள்ள போற காத்து ஆறினதும் தண்ணி கீழ தங்கும். விடாம வெச்சிருந்தா டேங்க் உள்ளேயே துருப்பிடிக்கும். ஒருநாள் வெடிக்கும். வீட்ல எவ்வளவு நாளா திறக்கல?"

"மூணு மாசம்."

தினமும் நாற்பது பேரை வாய் திறக்கச் சொல்லும் டாக்டருக்கு அன்று தன் வாயை மூடத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு டாக்டர் தன் கம்ப்ரசரை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனார். நர்ஸும் கூட வந்தாள். மாஸ்டர் வழக்கம்போலக் கண்ணாடியில் காற்றடித்துக் கைதட்டல் வாங்கியதும் அவள் எழுந்தாள்.

"சார், அந்தக் கல்லைக் கழட்டிட்டு ஒரு தடவை காட்டுங்களேன்."

"கழட்டினா தோஷம்மா."

"தோஷம் எனக்கு வரட்டும்" என்று மேடையேறினார் டாக்டர். பாதி பயம், மீதி வெட்கம். கல்லை அவிழ்த்தார். காற்றடித்தார். கண்ணாடி பளிச்சென்று காய்ந்தே இருந்தது.

"கல்லோட சக்தி குழாயில மிச்சமிருக்கும்" என்றார் மாஸ்டர்.

டாக்டர் தன் கம்ப்ரசரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, மூன்று கல்லையும் குழாயில் கட்டி அடித்தார். கண்ணாடி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர்.

"அவர் மனசுல ஈரம்!" என்று கூவினார் மாஸ்டர்.

"மனசை அப்புறம் பாப்போம். முதல்ல துணியைப் பாப்போம்" என்று நர்ஸ் சிவப்புத் துணியை ஒரே இழுப்பில் உருவினாள்.

கம்ப்ரசரிலிருந்து செப்புக் குழாய் ஒன்று சுருள் சுருளாக ஐஸ் தண்ணீர் வாளிக்குள் இறங்கி ஏறியது. அது போய்ச் சேர்ந்த இடத்தில், ஈரத்தைப் பிரித்துப் பிடிக்கும் கண்ணாடிக் கிண்ணம். அதில் ஒரு விரல் உயரம் தண்ணீர். டேங்கின் அடியில், திறக்கவே கூடாத அந்த வால்வின் கீழே, ஒரு பிளாஸ்டிக் கப் பாதி நிரம்பியிருந்தது.

டாக்டர் குனிந்து, தன் டேங்கில் சுற்றிய டேப்பைப் பிய்த்து, வால்வை மெல்லத் திருகினார். மூன்று மாத நம்பிக்கை பழுப்புத் தண்ணீராகத் தரையெல்லாம் ஓடியது.

மாஸ்டர் பின்கதவுப் பக்கம் நகர்ந்தார். இஞ்சினியர்கள் இருவரும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு பாய்ந்தார்கள்.

"விடுங்கய்யா" என்று தடுத்தார் டாக்டர். "அந்தாள் பொய் வித்தான். நான் அதை வாங்கி, நாலு பேருக்கு சிபாரிசும் பண்ணினேன். அடிக்கறதுன்னா வரிசையில என்னை முன்னாடி நிறுத்துங்க."

வரிசையில் முன்னால் நிற்க அவரைத் தவிர யாரும் முன்வரவில்லை. அதற்குள் மாஸ்டர் கம்பி நீட்டிவிட்டார். கம்ப்ரசரையும் வாளியையும் விட்டுப் போனார்.

டாக்டர் ஒரு கண்ணாடிக் கிண்ணம் வாங்கி மாட்டினார். வால்வைத் தினமும் திறந்தார். கண்ணைத் திறந்துகொண்டே சிவப்பு பூசினார். அண்ணன் அந்தக் குட்டி வண்டியை விரலால் தடவிப் பார்த்து, "நான் ஓட்டின முப்பது வருஷத்துல என் வண்டி ஒருநாளும் இவ்வளவு சுத்தமா இருந்ததில்லடா" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார்.

அதற்கடுத்த ஞாயிறு ஹாலில், நர்ஸ் பக்கத்தில் நிற்க, டாக்டர் கிண்ணத்தை மாட்டிக் காட்டினார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் கணக்கு வாத்தியார் பவ்வியமாகக் கை தூக்கினார்.

"டாக்டர், கிண்ணத்தை எந்தத் திசை பார்த்து மாட்டணும்?"

"கீழ பார்த்து, சார். தண்ணி கீழதான் இறங்கும்."

"அதுக்கு ஏதாவது நல்ல நாள்..."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். பிறகு வாத்தியாரின் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கே மாட்டுங்க, சார். காத்துல இருக்கிற ஈரத்தைப் பிடிக்கக் கடையில கிண்ணம் விக்கறாங்க. நம்ம மூளையில பிடிச்ச துருவை நாமதான் சுரண்டணும்."