பென்யாசோலாவில் ஆளில்லை

'டிசம்பர் 19. இன்றைய தவறு: தலைக்கு நூற்றுப் பன்னிரண்டு யூரோ என்று எல்லாரிடமும் சொன்னது. ரசீதின் கடைசி வரியைக் கவனிக்கவில்லை. "சறுக்குக் கழகம், தலைக்கு 5" என்று இருக்கிறது. நாளை: போன் செய்து அந்த வரியை எடுக்கச் சொல்வது.'

ஃபெர்மின் இப்படித்தான் எழுதுவான். ஸ்பெயினின் வயாதோலித் நகரின் சமூகக் கூடத்தில் வாரம் இரண்டு மாலை நடக்கும் நாட்குறிப்பு வகுப்பில் கற்றுக்கொடுத்த முறை அது. தினமும் ஒரு தவறு, மறுநாளைக்கு ஒரு வேலை. வகுப்பில் மற்றவர்கள் தவறு கிடைக்காமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஃபெர்மினுக்கு எதை எழுதுவது, எதை விடுவது என்பதுதான் திண்டாட்டம்.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பொறுக்காதவன். அப்படிப்பட்டவன் போன வருஷம் வகுப்புத் தோழர்களுக்காகத் தேடித் தேடிப் பிடித்த மலை வீட்டில் கழிவறை இருந்தது, பக்கத்து வீட்டில். அந்த வீட்டு நாய்க்கு இவர்களைப் பிடிக்கவில்லை.

"இந்தத் தடவையும் சொதப்பினே," என்று மருந்துக்கடை யோலாண்டா விரலை நீட்டிச் சொல்லியிருந்தாள், "இனிமே எங்களுக்கு ரொட்டிக்கடை கூட நீ தேர்ந்தெடுக்கக் கூடாது. கழுத்துல 'இவனை நம்பாதீங்க'ன்னு பலகை மாட்டி விட்டுருவேன்."

அதனால் இந்த முறை அட்டவணை போட்டான். பதினான்கு பனிச்சறுக்கு மலைகள், ஒன்பது கட்டங்கள். போகப்போகிற நால்வரும் ஒரே ரகம்: எளிதான நீலத் தடத்தில் ராஜா, கடினமான சிவப்பில் பிரார்த்தனை, அதைவிடக் கடினமான கறுப்பில் வேடிக்கை. எனவே நீலத் தடங்கள் எத்தனை, சிவப்பு எத்தனை, மலைமேல் ஏற்றும் கம்பிவட நாற்காலிக்கு வரிசை எவ்வளவு நேரம், உணவுக்கூடத்தில் சூப் உண்டா என்றெல்லாம் மதிப்பெண் போட்டுக் கூட்டினான். பெரிய மலைகள் எல்லாம் விலையில் தோற்றன. மிஞ்சியது லியோனுக்கு வடக்கே, யாரும் வாய் திறந்து பேசாத பென்யாசோலா. இணையத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு குறிப்புதான் இருந்தது. 'போனவர்களுக்குத் திரும்பி வர மனமில்லை.' அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மதிப்பெண் கொடுத்தான்.

இருபதாம் தேதி போன் செய்தான். அலுவலகப் பெண் ஒப்துலியா எடுத்தாள்.

"அது கழகத்துக்கு, தம்பி. எல்லாரும் குடுக்கறதுதான்."

"நாங்க கழகத்துல சேரப் போறதில்லையே."

"சேர வேண்டாம்ப்பா. சும்மா, ஒரு ராசிக்கு."

"ராசிக்கு என் அட்டவணையில கட்டம் இல்லீங்க."

"நல்லா யோசிச்சுக்கோ. இந்த மலையில இதுவரைக்கும் யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல."

"யோசிச்சுட்டேன். நாலு பேருக்கும் வேண்டாம்."

"சரி, அந்த வரிய அடிச்சுடறேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அன்றிரவு ஃபெர்மின் வாழ்க்கையில் முதல் முறையாக எழுதினான்: 'டிசம்பர் 20. இன்றைய தவறு: இல்லை.' எழுதிவிட்டு அதை மூன்று முறை படித்தான்.

இருபத்திரண்டாம் தேதி காலை எலாதியோவின் பழைய வேனில் கிளம்பினார்கள். எலாதியோ நகரப் பேருந்து ஓட்டுநர். வேனையும் பேருந்து போலவே ஓட்டுவான், எல்லாத் திருப்பத்திலும் பேய்க்கதை சொல்லிக்கொண்டு. பின்னால் யோலாண்டா. அவள் பக்கத்தில், பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்க்கும் சக்ராரியோ. ஐம்பத்தெட்டு வயது, கணவர் போய் நான்கு வருஷம்.

வானொலியில் கிறிஸ்துமஸ் லாட்டரிக் குலுக்கல். பள்ளிப் பிள்ளைகள் எண்களை ராகம் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் என் கையில ஒரு சீட்டும் இல்ல," என்றாள் சக்ராரியோ.

"ஏன் வாங்கல?"

"அந்தக் காசத்தான் இந்தத் தம்பி கையில குடுத்துட்டேனே. அவர் போனப்புறம் ஒரு நாள்கூட எங்கயும் போனதில்ல. விழாத சீட்டுக்கு விழற பனி மேல்." ஃபெர்மினின் தோளைத் தட்டினாள். "நல்லா இருக்கணும், ஆமா."

யோலாண்டாவின் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுகூட நடந்துவிடலாம். இந்தத் தட்டலுக்குப் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்.

மலையிடுக்கில் நுழைந்ததும் பிள்ளைகளின் பாட்டு அறுந்தது. வானொலி இரைந்தது. நான்கு கைபேசிகளிலும் சிக்னல் கோடுகள் போயின. எதிரே மூடுபனி.

கிராமத்தைத் தாண்டும்போது ஒரு தலை தென்படவில்லை. வீட்டுக் கதவுகள் திறந்து கிடந்தன. ஒரு முற்றத்தில் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

"அமைதியான ஊர்," என்றான் ஃபெர்மின்.

"சுடுகாடும் அமைதியாத்தான் இருக்கும்," என்றாள் யோலாண்டா.

மேலே வாகன நிறுத்தத்தின் மின்தடுப்பு தானாக எழுந்து வழிவிட்டு, பின்னால் தானாக இறங்கியது. சீட்டு அறையில் விளக்கு எரிந்தது, கணப்பு எரிந்தது, ஆளில்லை. மேஜைமேல் ஒரு உறை. அதன்மேல் நால்வரின் பெயரும் அழகான கையெழுத்தில்.

"நமக்காகக் காத்துட்டிருந்திருக்காங்க," என்றான் எலாதியோ, குரலைத் தாழ்த்தி.

"முன்பதிவுக்கு அதுதான் அர்த்தம்," என்றான் ஃபெர்மின்.

வெளியே கம்பிவட நாற்காலிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக வந்து, வளைந்து, காலியாக மூடுபனிக்குள் ஏறின. சற்று நேரம் கழித்து அதே போலக் காலியாக இறங்கின. ஏற்றிவிட ஆளில்லை. இயக்குபவரின் கூண்டில் பாதி கடித்த ரொட்டி, ஆவி பறக்கும் காப்பி.

"நான் ஏறலப்பா," என்றாள் யோலாண்டா. "அந்தப் பக்கம் யார் இறக்கி விடுவா?"

ஆளில்லாமல் இயந்திரம் ஓடுவது விதிமுறைக்கு விரோதம் என்று ஃபெர்மினுக்குப் பட்டது. கூண்டுக்குள் போனான். சிவப்புப் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை, வேகம்தான் குறைந்தது. பக்கத்தில் ஒரு பெரிய நெம்புகோல் இருந்தது. அதைக் கீழே இழுத்தான்.

நாற்காலிகள் நின்றன. சீட்டு அறை விளக்கும் நின்றது. கணப்பும், கூரைமேல் எரிந்த பெயர்ப்பலகையும் அணைந்தன. உணவுக்கூடத்துப் பக்கம் போயிருந்த சக்ராரியோ எட்டிப் பார்த்தாள்.

"யாருப்பா கரண்ட்ட புடுங்கினது? உள்ள டிவி ஓடிட்டிருந்துச்சு, நான் நுழையறேன், செத்துப்போச்சு."

ஃபெர்மின் நெம்புகோலை மேலே தள்ளினான். அது உறுதியாக மறுத்தது.

உணவுக்கூடம் இன்னும் மோசம். தட்டுகளில் பாதிச் சூப். கவிழ்ந்த நாற்காலிகள். உடைந்த கண்ணாடிக் கோப்பை ஒன்று. வாசலருகே, உயரமான குதிகால் வைத்த ஒற்றைச் சிவப்புக் காலணி.

"எல்லாரும் ஒரே நேரத்துல ஓடியிருக்காங்க," என்றான் எலாதியோ. "எதைப் பார்த்து?"

சக்ராரியோ பானையைத் திறந்து ஒரு கரண்டி குடித்துப் பார்த்தாள். "பூண்டு சூப். சூடா இருக்கு. ஆவிங்களுக்கு இவ்வளவு நல்லா சமைக்க வராது." தனக்கு ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள்.

அப்போது கீழே பள்ளத்தாக்கில் வெடித்தது. டம். பிறகு இரண்டு. பிறகு வரிசையாக ஆறு. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

மலைகளைப் பற்றி ஃபெர்மின் படிக்காதது எதுவும் இல்லை. தொங்கும் பனியை வேட்டு வைத்துத்தான் சரிப்பார்கள். அதற்கு முன் ஆட்களை எல்லாம் கீழே இறக்கிவிடுவார்கள். திறந்த கதவுகள், பாதிச் சூப், ஒற்றைக் காலணி. எல்லாக் கட்டமும் நிரம்பியது.

"பனிச்சரிவு," என்றான். "ஊரையே காலி பண்ணிட்டாங்க. நாம மட்டும் மேல வந்திருக்கோம்."

நால்வரும் வேனுக்கு ஓடினார்கள். மின்தடுப்பு குறுக்கே நின்றது. மின்சாரம் இல்லாமல் அது எழவில்லை. எலாதியோ தோள்கொடுத்துத் தூக்கினான். ஒரு சாண் எழுந்து, யோசித்து, நின்றுவிட்டது.

"அந்த நெம்புகோல இழுத்தது யாருன்னு நான் கேக்கவே மாட்டேன்," என்றாள் யோலாண்டா.

சீட்டு அறைச் சுவரில் பழைய கம்பி போன் ஒன்று இருந்தது. 'அவசரத்துக்கு' என்று எழுதிக் கீழே ஒரு எண். ஃபெர்மின் சுழற்றினான். நெடுநேரம் அடித்து யாரோ எடுத்தார்கள். முதலில் கேட்டது அலறல்தான். ஒரு ஆள் அல்ல, நூறு ஆள். அழுகை, ஓலம், ஏதோ உடையும் சத்தம்.

"ஹலோ! நாங்க மேல இருக்கோம்! பென்யாசோலாவுல!"

"மேலயா?" ஒரு ஆண் குரல் தொண்டை கிழியக் கத்தியது. "மேல யாரும் இல்ல! எல்லாரும் போயாச்சு! இனிமே ஒருத்தனும் திரும்பி வர மாட்டான்!" பிறகு தேம்பித் தேம்பி அழுதது. தொடர்பு அறுந்தது.

ஃபெர்மின் ரிசீவரை மெதுவாக மாட்டினான். மற்றவர்களிடம், "பிஸியா இருக்காங்க," என்றான்.

நால்வரும் கூடத்து மேஜையைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். கீழே தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது. நிற்காமல், தாளமில்லாமல், பைத்தியம் பிடித்தது போல அடித்தது.

"நானே அடுத்த வருஷமும் இந்தத் தம்பியத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்லுவேன்," என்றாள் சக்ராரியோ, யாரும் எதிர்பாராமல். "சறுக்கலன்னா என்ன. சாகறதுன்னாலும் கூட்டத்தோட சாகறது நல்லாத்தான் இருக்கு." ஃபெர்மினுக்குக் கண் நிறைந்தது.

அப்போதுதான் அந்தக் காலடி கேட்டது. வெளியே மூடுபனியில். ஒரு காலுக்கு 'டக்' என்ற ஓசை. அடுத்த காலுக்கு ஓசையே இல்லை. டக். ஒன்றுமில்லை. டக். ஒன்றுமில்லை. இடையிடையே ஒரு பெண்ணின் சிரிப்பு.

எலாதியோ மேஜைக்கு அடியில் போனான்.

இவர்களைக் கூட்டி வந்தவன் நான்தானே என்று ஃபெர்மின் எழுந்தான். என்ன தோன்றியதோ, வாசலில் கிடந்த சிவப்புக் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டான். நடந்தான். 'நல்லா யோசிச்சுக்கோ. யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல' என்ற குரல் காதுக்குள் ஏன் கேட்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

சீட்டு அறை வாசலில் அவள் நின்றிருந்தாள். தலையிலிருந்து சொட்டச் சொட்ட ஈரம். கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது. ஒரு காலில் சிவப்புக் காலணி, மறு காலில் நனைந்த காலுறை மட்டும்.

"என் செருப்பு," என்றாள்.

கையை நீட்டிக் கொடுத்தான். அவளிடமிருந்து திராட்சை மதுவின் வாடை குப்பென்று அடித்தது.

"யாரு நீ?"

"ஃபெர்மின். நாலு பேர், முன்பதிவு. எத்தனை பேர் செத்தாங்க?"

"செத்தாங்களா? யாரு?" அவள் மறுபடி சிரித்தாள். "கீழ என் தலையில முழு பாட்டிலையும் ஊத்திட்டாங்கப்பா! வாணவேடிக்கை கேக்கலையா? பாதிரியார் மணிக்கயித்துல தொங்கிட்டிருக்கார். டிவியில நம்பரச் சொன்னதும் சூப்பக் கூட முடிக்காம, ஊரோட சேர்ந்து பின்பாதையில தேவாலயத்துக்கு ஓடிட்டோம், இனிமே எவன் இந்த நாற்காலிய ஓட்ட வருவான்..."

சட்டென்று நிறுத்தினாள்.

"ஃபெர்மினா? வயாதோலித் ஃபெர்மினா?"

சிரிப்பு முகத்திலிருந்து வடிந்தது. ஒப்துலியா அவனை மேலும் கீழும் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அன்று காலையிலிருந்து பார்த்த எதுவும் அவனை அந்தப் பார்வை அளவுக்குப் பயமுறுத்தவில்லை. கூடத்துக்குள்ளிருந்து, யாருக்காவது இன்னும் சூப் வேண்டுமா என்று சக்ராரியோ கேட்பது கேட்டது.

"முதல்ல உக்காரு, தம்பி," என்றாள் ஒப்துலியா. "அந்த அஞ்சு யூரோதான் கழகத்தோட லாட்டரிச் சீட்டுல உங்க பங்கு, முதல் பரிசு எங்க நம்பருக்கு விழுந்திருக்கு, தலைக்கு எண்பதாயிரம், இந்த மலையில வேண்டாம்னு சொன்னது நீ ஒருத்தன்தான்."

'டிசம்பர் 22. இன்றைய தவறு: இருபதாம் தேதிக்கு உரியது. நாளை: மூன்று பேரிடமும் சொல்வது. சக்ராரியோவிடம் முதலில்.'